ஓட்டுப் போட்டாச்சு, அடுத்த ஐந்து வருஷம் என்ன செய்வது?

2025 டிசம்பரில் கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்தது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி என்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் தமிழ் பேசும் ஊர்களிலும் வீடு வீடாக வந்தார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள், ஓட்டுக் கேட்டார்கள். விரலில் வைத்த மை அழிந்ததும் பலருக்குப் பஞ்சாயத்தோடு இருந்த தொடர்பும் முடிந்துவிடுகிறது. பிறகு பிறப்புச் சான்றிதழுக்கோ வீட்டு வரி கட்டவோதான் அந்த ஆபீஸ் படியேறுகிறோம்.

இந்த இடைவெளியில் நமக்கு என்னென்ன உரிமைகள் இருக்கின்றன என்பதை, பஞ்சாயத்து நடப்பே தெரியாதவருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன். முதல் முறை ஓட்டுப் போட்ட பிள்ளைகளை நினைத்து எழுதுகிறேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்த பெண்களை இன்னும் அதிகமாக நினைத்து எழுதுகிறேன். அங்கே பார்த்த பஞ்சாயத்து வேறு, இங்கே இருக்கிற பஞ்சாயத்து வேறு. அது தெரியாமலே பத்து வருஷம் ஓட்டியவர்கள் நிறையப் பேர்.

அடிப்படையிலிருந்து தொடங்கலாம். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1992-ல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் இடஒதுக்கீடு என்பதெல்லாம் அதில் வந்தவை. அதே திருத்தம் கிராமசபையையும் அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராமசபை. சட்டசபைக்கு நாம் ஒருவரை அனுப்புகிறோம், பார்லிமென்டுக்கு ஒருவரை அனுப்புகிறோம். கிராமசபைக்கு மட்டும் யாரையும் அனுப்ப வேண்டாம், நாமே அதன் உறுப்பினர்கள். மெம்பர் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வரும் விருந்தாளிகள் அல்ல.

கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் 1994-ல் வந்தவைதான். ஆனால் கிராமசபையை அமைத்த விதத்தில் இரண்டும் பிரிந்துவிட்டன. எல்லையில் உள்ள கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் ஓர் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் குறித்துக் கூட்டுவார்கள். 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு ஆயின. இங்கே கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் தனியாக ஒரு கிராமசபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்டியே ஆக வேண்டும். கூட்டும் பொறுப்பு வார்டு மெம்பருடையது. தொடர்ந்து இரண்டு முறை கூட்டாமல் விட்டால் அவருடைய பதவியே போவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. தலைமை வகிப்பவர் பஞ்சாயத்து பிரசிடென்ட்.

வார்டு அளவில் கூடுவது சாமானியனுக்குப் பெரிய வசதி. ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு உள்ள வார்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எந்தச் சந்தில் சாக்கடை தேங்குகிறது என்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. கூச்சப்படுகிறவரும் இரண்டு வார்த்தை பேசிவிடலாம். மொத்த வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 1,200 ஓட்டு இருந்தால் 120 பேர். அத்தனை பேர் வராமல் ஒத்திவைத்து மறுபடி கூட்டினால் 50 பேர் போதும். அதனால் வருகைப் புத்தகத்தில் நீங்கள் போடும் ஒரு கையெழுத்துக்கு எடை இருக்கிறது. சில இடங்களில் கூட்டம் முடிந்த பிறகு நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருக்கிறது. அப்படி வந்தால் தயவுசெய்து போடாதீர்கள். நீங்கள் கேட்காத தீர்மானத்துக்கு நீங்கள் சாட்சி ஆகிவிடுவீர்கள்.

சரி, அந்தக் கூட்டத்துக்கு என்ன அதிகாரம்? "குறை சொல்லலாம், அவ்வளவுதான்" என்று நினைப்பவர்கள் அதிகம். சட்டத்தைப் படித்தால் அப்படி இல்லை. வீடு கட்ட உதவி, கறவை மாடு, கக்கூஸ், கிணறு என்று ஆளுக்குப் பயன் கிடைக்கிற திட்டங்களில் யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்று வரிசைப்படுத்தும் பட்டியலைத் தயாரிப்பது கிராமசபை. தெருவிளக்கு எங்கே வேண்டும், பொதுக்குழாய் எங்கே வேண்டும், பொதுக்கிணறு எங்கே வேண்டும் என்று இடம் சொல்வதும் கிராமசபை. வார்டில் நடக்கிற வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எஸ்டிமேட் எவ்வளவு, சாமான் செலவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அதற்கு உரிமை இருக்கிறது. பஞ்சாயத்து கமிட்டி நம் பகுதி பற்றி ஒரு முடிவெடுத்தால் ஏன் எடுத்தார்கள் என்று கேட்கலாம். போன கூட்டத்தில் நாம் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டால், நடந்திருந்தால் நடந்தது என்றும் நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்றும் சொல்லும் கடமை பிரசிடென்டுக்கு உண்டு.

இந்தக் கடைசி உரிமைதான் என் கண்ணுக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. போன கூட்டத்தில் நீங்கள் சொன்னது மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பேட்டில், ஏறியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஸ்கூல் ஹாலில் நடந்த ஒரு கிராமசபையில் பார்த்ததைச் சொல்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா எழுந்து, குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது, அதுவும் மேட்டு வீடுகளுக்கு ஏறுவதே இல்லை என்றார். மெம்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க பெரியம்மா, பாக்கலாமுங்க" என்றார். வழக்கமாக அதோடு முடியும். பெரியம்மா உட்காரவில்லை. "பாக்கலாம்னு வாயில சொன்னா போதாது கண்ணு. அந்த நோட்டுல எழுதச் சொல்லு. எழுதுனத ஒருக்கா படிச்சுக் காட்டச் சொல்லு" என்றார். மினிட்ஸ் எழுத வந்திருந்த ஊழியர் பேனாவை எடுத்தார். "குடிநீர்ப் பிரச்சினை பேசப்பட்டது" என்று பொதுவாக எழுதி மலையாளத்தில் படித்தார். பெரியம்மா விடவில்லை. மேட்டுத் தெரு என்று எழுது, எத்தனை வீடு என்று எழுது, மோட்டாரைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுதியதைத் தமிழில் திரும்பச் சொல்ல வைத்த பிறகுதான் உட்கார்ந்தார். ஹாலில் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அமைதியாகிவிட்டார்கள். அடுத்த கிராமசபையில் முதல் விஷயமாகவே அந்த மேட்டுத் தெரு வந்தது. எழுதி வைத்திருந்ததால் அதைத் தாண்டிப் போக யாராலும் முடியவில்லை.

பேச்சு காற்றோடு போகும், மினிட்ஸில் ஏறிய வரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உள்ளூர் ஜனநாயகத்தில் கலந்துகொள்வது என்று நான் சொல்வதன் பாதி இந்தச் சின்ன வேலைதான். கூட்டத்தில் உரக்கப் பேசுவதைவிட, கேட்பதை இன்னது, இன்ன இடம், இன்ன காரணம் என்று எழுத்தில் ஏற்றுகிறவருக்கே காரியம் ஆகிறது.

மனு எழுதுவதும் அப்படியே. "எங்கள் பகுதிக்கு அடிப்படை வசதிகள் செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதிய மனு எந்தக் கோப்பிலும் போய்ப் படுத்துக்கொள்ளும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "அரசமரத்து ஸ்டாப்பிலிருந்து கால்வாய்ப் பாலம் வரையுள்ள பஞ்சாயத்து ரோட்டில் மூன்று மின்கம்பங்கள் இருக்கின்றன. ஒன்றிலும் விளக்கு இல்லை. கம்ப எண்கள் கீழே கொடுத்திருக்கிறோம். பால் சொசைட்டிக்கு விடிவதற்கு முன்னால் இந்த வழியாகத்தான் நடக்கிறோம். மூன்றிலும் விளக்குப் போட வேண்டும்." மின்வாரியம் கம்பத்தில் பெயின்டில் எழுதிவைத்திருக்கும் எண்ணை ஒரு நாள் நடந்துபோய்க் குறித்துக்கொண்டால் போதும். எந்த விளக்கு, எங்கே என்று கேட்டு மனுவைத் திருப்பி அனுப்ப வழியே இல்லை. இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஆபீஸில் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள், அல்லது உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம்.

இன்னொன்று, யாரிடம் கேட்பது என்பது. பஞ்சாயத்து ரோடு பஞ்சாயத்தினுடையது, பொதுப்பணித்துறை ரோடு அவர்களுடையது. குழாய்த் தண்ணீர் சில ஊரில் வாட்டர் அத்தாரிட்டி, சில ஊரில் ஊர்க்கமிட்டியே நடத்தும் திட்டம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் சித்தூருக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அது இரண்டு மாநில அரசுகளுக்கு நடுவில் உள்ள சமாசாரம், மெம்பரைப் பிடித்துத் திட்டிப் பயனில்லை. ஆனாலும் தண்ணீர் வராமல் தென்னை காய்கிறது என்று கிராமசபை ஒரு தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். ஒரு வார்டு அனுப்பினால் ஒரு காகிதம். கிழக்குச் சித்தூர் வார்டுகள் எல்லாம் அனுப்பினால் அதைக் கலெக்டர் ஆபீஸில் எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும்.

எப்போது கேட்க வேண்டும்

நல்ல கோரிக்கை தப்பான மாதத்தில் போனால் வீணாகும். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1996 ஆகஸ்டில், இ.கே. நாயனார் முதலமைச்சராக இருந்தபோது, கேரளத்தில் மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவானது. அதற்கு முன் திருவனந்தபுரத்தில் எழுதித் தந்த திட்டத்தைப் பஞ்சாயத்து நடத்தும். அதற்குப் பிறகு ஊரே உட்கார்ந்து திட்டம் போட வேண்டும் என்று ஆயிற்று. கிராமசபையில் தேவைகளைச் சொன்னார்கள். ஊரின் நிலம், நீர், பள்ளி, ஆஸ்பத்திரி நிலைமையை ஓர் அறிக்கையாக எழுதினார்கள். கிராமசபைகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஆட்கள் வளர்ச்சிக் கருத்தரங்கில் கூடி அதை விவாதித்தார்கள். விவசாயம், குடிநீர், கல்வி என்று துறைக்கு ஒரு ஒர்க்கிங் குரூப் அமைத்து அதைத் திட்டமாக்கினார்கள். தொடக்க காலத்தின் வேகம் இப்போது இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு, எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் அந்த ஏணியின் படிகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. கிராமசபை, ஒர்க்கிங் குரூப், வளர்ச்சிக் கருத்தரங்கு, பஞ்சாயத்து கமிட்டி, கடைசியில் மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதல்.

ஒப்புதல் வந்த பிறகு போய் "எங்க தெருவுக்கு ஓடை கட்டுங்க" என்று கேட்டால், பணம் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போயிருக்கும். அடுத்த வருஷத் திட்டத்துக்காகக் கூட்டும் கிராமசபை எப்போது என்று மெம்பரிடம் முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். வருஷத்தில் ஒரு கூட்டத்துக்குத்தான் உங்களால் போக முடியும் என்றால் அதற்குப் போங்கள்.

ஒர்க்கிங் குரூப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதைப் பற்றிப் பேசுவாரே இல்லை. மெம்பர் ஒருவர் தலைவர், அந்தத் துறை அதிகாரி கன்வீனர். இவர்களோடு ஊரில் விஷயம் தெரிந்தவர்களும் உட்காரலாம். நாற்பது வருஷம் தென்னை வைத்தவர், ரிட்டயர் ஆன டீச்சர், வெட்டினரி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், வீட்டிலேயே நான்கு கறவை மாடு வைத்திருக்கிற அக்கா, எல்லோருக்கும் அங்கே வேலை இருக்கிறது. தேர்தலில் நிற்க வேண்டாம், கட்சியில் சேர வேண்டாம். பிரசிடென்டையோ செக்ரட்டரியையோ பார்த்து, இன்ன ஒர்க்கிங் குரூப்பில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். மழை நிழல் பகுதி நம்முடையது, பாலக்காட்டின் மேற்கில் கொட்டுகிற மழை இங்கே பெய்வதில்லை. எத்தனை அடியில் போர் போட்டால் தண்ணீர், எந்தக் குளம் தூர்ந்துபோய் எத்தனை வருஷம் என்று அளந்து சொல்ல ஊர்க்காரர்தான் வேண்டும். பாலக்காட்டிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பெண்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பை நம் ஊரில் பலரும் லோன் குழுவாகவே பார்க்கிறார்கள். பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தது அயல்கூட்டம். வார்டு அளவில் அவை சேர்ந்தது ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். இந்த மூன்றிலும் பொறுப்பாளர்களைப் பெண்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கிராமசபைக்கு ஆள் திரட்டுவது, தேவைகளை முன்கூட்டிப் பேசி எடுத்துப்போவது எல்லாம் அயல்கூட்டத்திலேயே செய்யக்கூடியவை. ஞாயிற்றுக்கிழமை சந்தா வசூலித்து முடித்த பிறகு பத்து நிமிஷம் ஒதுக்கி, அடுத்த கிராமசபையில் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்கப்போகும் ஒரே விஷயம் எது என்று முடிவு செய்து பாருங்கள். இருபது பெண்கள் ஒரே கோரிக்கையோடு எழுந்தால் அது தனி ஆளின் புலம்பல் ஆகாது. இன்றைக்குக் கேரளத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. அந்த நாற்காலியில் உட்கார்ந்த எத்தனையோ பேர் அயல்கூட்டத்தில்தான் முதன்முதலில் எழுந்து நின்று பேசினார்கள்.

தமிழில் கேட்கலாமா?

கேட்கலாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மவர்கள் வாய் திறக்காததற்குப் பாதிக் காரணம் மொழிதான். நோட்டீஸ் மலையாளத்தில், மினிட்ஸ் மலையாளத்தில், அதிகாரி பேசுவது மலையாளத்தில். பேசினால் புரியும், படிக்க வராது என்கிற நிலையில் பாதிப்பேர் இருக்கிறார்கள். தப்பாக எழுதினால் சிரிப்பார்களோ என்று மனுவே எழுதாமல் விடுகிறார்கள்.

அரசியலமைப்பின் 350-வது பிரிவு, மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்க மனுக் கொடுக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. இங்கே சித்தூரிலும் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு பக்கங்களிலும் உள்ள தமிழருக்கு இது பொருந்தும். காகிதத்தில் உள்ளது எல்லா மேஜையிலும் நடப்பதில்லை. "மலையாளத்தில எழுதிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது சண்டை போட வேண்டாம். வாங்க முடியாது என்பதை இந்த மனுவிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் மனுவை வாங்கிக்கொள்வார்கள். கிராமசபையிலும் நோட்டீஸைத் தமிழிலும் அச்சடிக்க வேண்டும், மினிட்ஸைத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானம் கேட்கலாம். கேட்டு ஒரு முறை ஏறிவிட்டால் அடுத்து வருகிற எல்லோருக்கும் அது வழியாகும்.

பிளாச்சிமடை

பஞ்சாயத்து என்றால் விளக்கும் ஓடையும்தானா என்று நினைக்கிறவர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடை. 2000-ல் அங்கே கோக்கோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது, லைசென்ஸ் தந்ததும் அதே பஞ்சாயத்துதான். சில மாதங்களில் சுற்றுப்பட்டுக் கிணறுகளில் நீர் இறங்கியது, இருந்த நீரும் குடிக்க உதவாமல் போனது. சோறு பொங்கினால் வேகவில்லை, குளித்தால் அரிக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் அங்கே குடியிருந்த இரவாளர், மலசர் பழங்குடிப் பெண்கள். 2002 ஏப்ரல் 22-ம் தேதி ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் அந்தப் போராட்டத்தின் முகமாக ஆனார்.

2003 ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து, நிலத்தடி நீர் வற்றுகிறது என்ற காரணம் காட்டி லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. நாடு முழுக்கச் சரக்கு விற்கும் கம்பெனியை ஒரு கிராமப் பஞ்சாயத்து எதிர்த்து நின்றது. வழக்கு போனது. அந்த டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காவல் என்று தீர்ப்புச் சொன்னார். 2005-ல் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு கம்பெனிக்குச் சாதகமாக அதை மாற்றியது, பிறகு விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதற்குள் 2004 மார்ச்சிலேயே ஆலை நின்றுவிட்டது, அதன் பிறகு முறையாக ஓடவே இல்லை. கெட்டுப்போன நிலத்துக்கும் நீருக்கும் நஷ்டஈடு வாங்கித்தர 2011-ல் சட்டசபை ஒரு மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. வெற்றி என்று முழுசாகச் சொல்ல முடியாத கதை இது.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. லைசென்ஸைக் காலாகாலத்தில் புதுப்பிக்கிற பேனா பஞ்சாயத்தின் கையில் முதலிலிருந்தே இருந்தது. அதை எடுத்து மறுக்கும் தைரியம் வருவதற்கு வாசலில் பெண்கள் உட்கார வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் கல் குவாரியோ கோழிப்பண்ணையோ வந்தால், திறந்த பிறகு நாற்றத்தைப் பற்றிப் பேசுவதைவிட, லைசென்ஸ் கேட்டு மனு வந்திருக்கிறதா, எப்போது கமிட்டியில் வைக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டு, ஆட்சேபணையை எழுத்தில் கொடுப்பது எவ்வளவோ மேல்.

பதில் வராவிட்டால்

தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பஞ்சாயத்தின் தகவல் அதிகாரிக்குக் கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. எழுத வராதவர் வாயால் சொன்னாலும் அதை எழுத்தில் கொண்டுவர உதவி செய்வது அந்த அதிகாரியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. இந்த மனுவை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கொடுப்பது நல்லது என்பேன். ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதால், மொழியைக் காரணம் காட்டி நாள் கடத்த இடம் தர வேண்டாம்.

"ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்கு அவர்களிடம் காகிதம் இருக்காது. "இன்ன தேதி நடந்த இன்ன வார்டு கிராமசபையின் மினிட்ஸ் நகல் வேண்டும்", "இன்ன ரோடு வேலையின் எஸ்டிமேட் நகலும் அளவுப் புத்தக நகலும் வேண்டும்" என்று கேளுங்கள். இருக்கிற காகிதத்தை இல்லை என்று சொல்ல முடியாது. அளவுப் புத்தகத்தில் ரோடு எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அகலம், எத்தனை கனம் என்று எழுதியிருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்து பார்க்கலாம். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் அப்பீல், அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மெம்பர் உங்கள் விஷயத்தைக் கூட்டத்தில் எடுக்கவே மறுக்கிறார் என்றால் அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. வார்டு வாக்காளரில் பத்து சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு, பேச வேண்டிய விஷயத்தையும் எழுதிக் கொடுத்தால், பதினைந்து நாளுக்குள் சிறப்புக் கிராமசபை கூட்ட வேண்டும். இரண்டு சாதாரணக் கூட்டங்களுக்கு நடுவில் ஒரு முறைதான் இப்படிக் கேட்க முடியும், ஆகவே சில்லறை விஷயத்துக்கு இதை எடுக்காதீர்கள். இந்த உரிமையைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. அயல்கூட்டங்கள் நான்கைந்து சேர்ந்தாலே கையெழுத்துக்கு ஆள் வந்துவிடும்.

ஊழல், வேண்டுமென்றே செய்த முறைகேடு என்றால் உள்ளாட்சிகள் மீதான புகாரை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மன் இருக்கிறார். 2000-ல் இருந்து கேரளத்தில் நடக்கும் ஏற்பாடு இது. ஆபீஸ் திருவனந்தபுரத்தில் என்றாலும் மாவட்டங்களுக்கு வந்தும் அமர்வு நடத்துவார். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அங்கே போகிறவரிடம் மனுப் பிரதி, சீல், மினிட்ஸ் நகல் எல்லாம் கையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன சின்னச் சின்ன வேலைகளின் அருமை அங்கேதான் தெரியும்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குக் கிராமசபை வைத்தால், தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர், விடிகாலை பஸ்ஸில் கோயமுத்தூர் மில்லுக்குப் போகிறவர், கள்ளு இறக்குகிறவர் யாரும் வர முடியாது. வருகிறவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். தேவை அதிகம் உள்ளவர்களே இல்லாத சபையில் போடுகிற முன்னுரிமைப் பட்டியல் எப்படி நியாயமாக இருக்கும்? கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையிலோ விடுமுறை நாளிலோ வைக்கச் சொல்லி மெம்பரிடம் கேட்க நமக்கு முழு நியாயம் இருக்கிறது. பிரச்சாரத்துக்கு ராத்திரி எட்டு மணிக்கும் வீட்டுக்கு வந்தவர்கள்தானே. கிராமசபை நேரத்தை மாற்றக் கேட்டு, உங்கள் அயல்கூட்டத்தில் இந்த வாரமே ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கலாம். எழுதினால் இரண்டு பிரதி எடுங்கள், ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்குங்கள், அடுத்த கூட்டத்தில் அது மினிட்ஸில் ஏறியதா என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.